தோட்டாவுக்குப் பூண் வேண்டுமா?

உலக்கை பிளந்துபோகாமல் இருக்க அதன் முனையில் இரும்புப் பூண் மாட்டுவார்கள். வேட்டை ரைஃபிள் தோட்டாக்கள் சிலவற்றிலும், பித்தளைக் கூட்டின் அடிப்பகுதியைச் சுற்றி அதுபோல் ஒரு வளையம் புடைத்திருக்கும். பெல்ட் என்று வழங்கப்படும் அந்த வளையத்தை உலக்கை பார்த்துப் பழகிய கண் வலுவுக்கானது என்றே எடுத்துக்கொள்ளும். அதுவே முதற்பிழை.

2022 மே மாதம், காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கக் கேரள அமைச்சரவை முடிவெடுத்தது. அதன்பின் பாலக்காட்டு நெல்வயல்களிலும் இடுக்கியின் மரவள்ளித் தோட்டங்களிலும் உரிமத் துப்பாக்கிக்குப் புதிய மதிப்பு வந்திருக்கிறது. காயம்பட்ட பன்றி திரும்பிப் பாயும் தொலைவில் நிற்பவனுக்கு, எந்தத் தோட்டா நம்பத்தக்கது என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே தடுக்கப்பட வேண்டும் என்ற அளவையே ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். தடுக்கும் இடத்திற்கும் போல்ட்டின் முகத்திற்கும் இடையிலான தொலைவு அது. இந்த இடைவெளி மிகுந்தால், வெடிக்கும்போது கூட்டின் முன்பகுதி அறைச்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடிப்பகுதி மட்டும் பின்னோக்கித் தள்ளப்படும். நடுவிலுள்ள பித்தளை இழுபட்டு மெலியும். மிக மெலிந்தால் அறுந்துபோகும். அப்போது, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டை எட்டக்கூடிய அழுத்தமுள்ள வாயு சுடுபவனின் முகத்தை நோக்கி வழி தேடும்.

தடுப்பதற்கு வழிகள் பல. அடியில் அகன்ற விளிம்பு இருந்தால் அது போதும். விளிம்பில்லாத தோட்டாவில், கழுத்துக்குக் கீழே உள்ள தோள் அறையின் தோளில் சென்று முட்டும். ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி தோளில் நின்றது, கென்னத் ஆண்டர்சனின்.405 வின்செஸ்டர் விளிம்பில் நின்றது. இரண்டிலும் பூண் இல்லை. ஆட்கொல்லிகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு பூண் ஏன் பிறந்தது? லண்டனின் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் 1905இல் பூண் போட்ட முதல் தோட்டாவையும், 1912இல் புகழ்பெற்ற .375 மேக்னத்தையும் வெளியிட்டது. தடையின்றி உள்ளே போகவும், வெப்ப நாடுகளில் சுட்டபின் சிக்காமல் வெளியே வரவும் வேண்டி அந்தக் கூடு நீண்டு சரிந்ததாக வடிக்கப்பட்டது. அதனால் தோள் சிறுத்தது. நம்பி நிறுத்தப் போதுமான தோள் இல்லை என்று கருதிப் பூண் சேர்த்தார்கள். அதே 1912இல் அதே நிறுவனம், இரட்டைக்குழல் ரைஃபிளுக்காக அதே .375ஐப் பூணில்லாமல் விளிம்போடும் விற்றது. பூண் வலுவுக்கானதாக இருந்திருந்தால், இரட்டைக்குழல்காரர்களுக்கு அது ஏன் மறுக்கப்பட்டது என்று பூண் பக்தர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிற்காலக் கதை வணிகக் கதை. 1962இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்திற்கும், 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்திற்கும் முட்டி நிற்க நல்ல தோள் இருக்கிறது. ஆனாலும் பூணை விடவில்லை. மேக்னம் என்ற சொல்லுக்கு அது நெற்றித் திலகமாகிவிட்டிருந்தது. விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். 1956இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னத்திற்குத் தோளே கிடையாது. அங்கே பூண் உண்மையிலேயே தேவை. ஆனால் யானை, காட்டெருமைகளுக்காக உருவான .416 ரிக்பி 1911 முதல் பூணின்றியே வேலை செய்கிறது. 2007இல் வந்த .375 ரூகர், பழைய .375இன் பூணளவுக்குக் கூட்டின் உடலையே பருக்கச்செய்து, பூணைக் களைந்துவிட்டது.

தேவையற்ற பூண் தீங்கற்றது என்றும் எண்ண வேண்டாம். அது கூட்டின் உடலிலிருந்து புடைத்து நிற்பது ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் அளவே. பூண் சரியாக நின்றால் போதும் என்று, தோள் இருக்கும் பகுதியில் அறையைத் தாராளமாகக் குடைந்துவிடுவது உண்டு. அப்போது ஹெட்ஸ்பேஸ் அளவு தாளில் சரியாகவே இருக்கும். கூடு மட்டும் ஒவ்வொரு முறையும் பூணுக்குச் சற்று முன்னே இழுபடும். சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் நாடுகளில், விவரமறிந்தவர்கள் பூணைப் பொருட்படுத்தாமல் தோளில் நிற்குமாறே கூட்டைச் சீர்செய்கிறார்கள். பூண் பயனர்களே பூணுக்கு எதிராகத் தரும் சாட்சியம் இது.

நம் ஊர்ப் பக்கம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி அல்லது இஷாப்பூரில் செய்யப்பட்ட .315 ரைஃபிள். இரண்டின் தோட்டாவும் விளிம்பில் நிற்பவை. .315ஐப் பழமையானது என்று குறை சொல்லலாம். வேகம் போதாது என்றும் சொல்லலாம். பூண் இல்லை என்பதை மட்டும் அதன் குறைகளில் சேர்க்க முடியாது. தாத்தா காலத்து ரைஃபிளை வெளியே எடுப்பவர் கவலைப்பட வேண்டியது போல்ட்டின் தேய்மானத்தைப் பற்றியே. ஹெட்ஸ்பேஸ் அளவுகோல் வைத்திருக்கும் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால், அதைச் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்.