போதை தராது, ஆயினும் அதுவும் மருந்தே

வலிப்பு நோய்க்கும் நாள்பட்ட நரம்பு வலிக்கும் எங்களிடம் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கேட்கின்றனர்: "சி.பி.டி. எண்ணெய் என்று ஒன்று இருக்கிறதாமே, டாக்டர், கொடுத்துப் பார்க்கலாமா?" பெரும்பாலும் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் வேளையில், தாழ்ந்த குரலில் இக்கேள்வி வருகிறது. கஞ்சாச் செடியோடு தொடர்புடைய ஒன்றைப் பற்றிக் கேட்கிறோமே என்ற கூச்சமே காரணம். வேறு சிலர் கேட்பதே இல்லை, வாங்கிக் கொடுத்துவிடுகின்றனர். கேட்பவர்களைக் காட்டிலும் கேளாதவர்களைப் பற்றியே எங்களுக்குக் கவலை அதிகம். இருசாராருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எங்கள் கருத்தை இங்கே முன்வைக்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஹெம்ப் என்ற சொல்லுக்குச் சணல் என்றே பலர் பொருள் கொள்கின்றனர். நம் ஊரில் சணல் என்றால் சாக்குப்பை நினைவுக்கு வரும். சணப்பு என்றால் நெல் வயலில் மடக்கி உழும் பசுந்தாள் உரம் நினைவுக்கு வரும். இவ்விரண்டும் வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள். இங்கே பேசப்படும் ஹெம்ப் என்பதோ கஞ்சாச் செடியின் ஒரு வகையேயாகும். தாவரவியலில் இரண்டுக்கும் கன்னாபிஸ் சட்டைவா என்ற ஒரே பெயர்தான். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் மிகக் குறைவாக உள்ள வகையை ஹெம்ப் என்கின்றனர். உலர்ந்த எடையில் அது 0.3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. ஆக, ஹெம்ப் வேறு, கஞ்சா வேறு என்பது இயற்கை வகுத்த எல்லை அன்று. சட்டம் வகுத்த எல்லை.

இச்செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானவை டி.எச்.சி.யும் சி.பி.டி.யும். இரண்டுக்கும் ஒரே மூலக்கூற்று வாய்பாடு: கார்பன் அணுக்கள் 21, ஹைட்ரஜன் அணுக்கள் 30, ஆக்சிஜன் அணுக்கள் 2. அணுக்களின் அடுக்குமுறை மட்டுமே வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டால் டி.எச்.சி. மூளையிலுள்ள சி.பி.1 என்னும் ஏற்பியில் சாவி பூட்டில் பொருந்துவதுபோல் பொருந்தி மயக்கத்தையும் மனக்கிளர்ச்சியையும் உண்டாக்குகிறது. சி.பி.டி. அவ்வேற்பியில் அவ்வாறு பொருந்துவதில்லை. ஆகவே போதை தருவதில்லை. விளம்பரங்கள் இதுவரை சொல்வது உண்மையே. இதற்கு அடுத்த படியில்தான் பிழை நேர்கிறது. போதை தராதது என்பதைத் தீங்கு தராதது என்று படித்துவிடுகிறோம்.

கடைகளிலும் இணையத்திலும் ஹெம்ப் எண்ணெய் என்ற பெயரில் கிடைப்பவையும் ஒரே பொருள் அல்ல. விதையைப் பிழிந்து எடுப்பது விதை எண்ணெய். அது நல்லெண்ணெய்போல் ஓர் உணவு எண்ணெய், அதில் சி.பி.டி. ஏறத்தாழ இல்லை. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021ஆம் ஆண்டில் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க வரம்புகளுடன் ஒப்புதல் அளித்தது. இலையிலிருந்தோ பூவிலிருந்தோ வடித்தெடுக்கும் சாறு வேறு. சி.பி.டி. இருப்பது அதில்தான். வலிப்புக்கென்று நினைத்து விதை எண்ணெயை வாங்குபவர் பணத்தை இழக்கிறார். உணவென்று நினைத்து இலைச்சாற்றை வாங்குபவரோ தாம் அறியாமலே ஒரு மருந்தை உட்கொள்கிறார்.

இது மருந்துதானா என்று கேட்டால், ஆம் என்பதே எங்கள் விடை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஓஷானசி என்னும் மருத்துவர், 1839ஆம் ஆண்டிலேயே இச்செடியின் சாற்றைக் கைக்குழந்தை ஒன்றின் வலிப்புக்குக் கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். உறுதியான சான்று கிடைக்க அதன்பின் ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின. டிரவே நோய்க்குறி என்னும் கடுமையான வலிப்பு நோயுள்ள 120 சிறுவர்களிடமும் இளையோரிடமும் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. சி.பி.டி. பெற்றவர்களுக்கு மாதந்தோறும் வந்த வலிப்புகளின் நடுமதிப்பு 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது, மருந்தற்ற கரைசலைப் பெற்றவர்களுக்கு 14.9இலிருந்து 14.1ஆக மட்டுமே குறைந்தது. இதுபோன்ற சான்றுகளின் அடிப்படையில், 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செடியிலிருந்து சுத்திகரித்த சி.பி.டி. கரைசலுக்கு ஒப்புதல் அளித்தது. டிரவே, லெனாக்ஸ்-கஸ்டோ ஆகிய இரு நோய்களுக்கு முதலிலும், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயால் வரும் வலிப்புக்கு 2020இலும் அவ்வொப்புதல் கிடைத்தது.

இந்த ஆய்வில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அச்சிறுவர்கள் ஏற்கெனவே உட்கொண்டுவந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சி.பி.டி. பெறவில்லை, அவற்றோடு சேர்த்தே பெற்றனர். வலிப்பு முற்றிலும் நின்றவர்கள் மிகச் சிலரே. நம்பிக்கை தரும் மருந்து இது. எல்லாவற்றையும் தூக்கியெறியச் செய்யும் அருமருந்து அன்று.

சி.பி.டி. நல்லது, டி.எச்.சி. கெட்டது என்ற பிரிவினையையும் நாங்கள் ஏற்பதில்லை. புற்றுநோய் மருந்தால் வரும் கடும் வாந்திக்கு டிரோனாபினால் என்ற மருந்து 1985 முதல் அமெரிக்காவில் வழங்கப்படுகிறது. அது செயற்கையாக உருவாக்கப்பட்ட டி.எச்.சி.யே. ஆகவே எந்த மூலக்கூறு என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. எந்த நோய்க்கு, எந்த அளவில், எத்தகைய கண்காணிப்பில் என்பனவும் தெரியவேண்டும். அளவும் தரமும் தெரிந்த மருந்துக்கும், இவை தெரியாத புட்டிக்கும் இடையே உள்ளதே நீங்கள் பார்க்கவேண்டிய எல்லைக்கோடு.

அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். டிரவே நோய்க்கு வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். தேவைப்பட்டால் 20 வரை உயர்த்துவர். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 10 என்ற கணக்கில் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஆகிறது. மொத்தம் 1,000 மில்லிகிராம் உள்ள 30 மில்லி புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டால், அது அக்குழந்தைக்கு ஐந்தே நாள்களில் தீர்ந்துவிடும். அதே புட்டியிலிருந்து நாளுக்கு ஐந்து சொட்டு கொடுத்தால் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் உள்ளே செல்லும். ஆய்வில் பயன் தந்த அளவுக்கு அது எவ்வகையிலும் ஈடாகாது. பயன் தெரியவில்லையே என்று சொட்டுகளைத் தாமாகவே கூட்டினாலோ, அந்த எண்ணெயில் ஒட்டியிருக்கும் டி.எச்.சி.யும் சேர்ந்தே கூடும்.

மேலும், புட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப முடியுமா? இணையத்தில் விற்கப்பட்ட 84 சி.பி.டி. பொருள்களை அமெரிக்க ஆய்வாளர்கள் வாங்கிச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 26 மட்டுமே அச்சிட்ட அளவோடு பொருந்தின. மற்றவற்றில் சி.பி.டி. கூடவோ குறையவோ இருந்தது. 18 பொருள்களில் டி.எச்.சி. காணப்பட்டது. மருந்தின் அளவு நாளுக்கு நாள், புட்டிக்குப் புட்டி மாறுவதை வலிப்பு நோயாளியின் மூளை தாங்காது.

எங்களை மிகவும் அச்சுறுத்துவது பிற மருந்துகளோடு இதற்குள்ள மோதலே. உடலில் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகள் சிலவற்றைச் சி.பி.டி. தடுக்கிறது. வலிப்புக்குக் குளோபசாம் உட்கொள்ளும் குழந்தைக்கு இதனால் அம்மருந்தின் வீரியம் கூடி, தட்டியெழுப்ப முடியாத அளவுக்குத் தூக்கம் வரலாம். வால்புரோயேட் உட்கொள்வோருக்குக் கல்லீரல் நொதிகளின் அளவு இரத்தத்தில் உயரும் வாய்ப்பு மிகுதி. இதய வால்வு அறுவைக்குப்பின் வார்ஃபரின் உட்கொள்வோருக்கு இரத்தம் உறையும் தன்மை குறைந்து இரத்தக்கசிவு நேரலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோருக்கு டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரத்தத்தில் உயரலாம். பசியின்மை, வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை தனியே சி.பி.டி.யாலும் வருவன. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தவிர்ப்பதே முறை.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, எண்ணெய் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் மாத்திரையை நிறுத்துவது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், நில்லாமல் தொடரும் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே கேடு விளையலாம். எத்தனை இயற்கையான பொருளாயினும் இதற்கு விலக்கில்லை.

தூக்கமின்மை, மனப்பதற்றம், மூட்டுவலி முதலியவற்றுக்கும் இது நல்லது என்று கூறப்படுகிறது. அவற்றுக்கான சான்றுகள் வலிப்புக்குக் கிடைத்த அளவு வலுவானவை அல்ல. புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாரேனும் சொன்னால், அதற்கு மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட்ட சான்று இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்பேச்சை நம்பி அறுவையையோ கதிர்வீச்சையோ தள்ளிப்போடுவது திரும்பப் பெற முடியாத காலத்தை இழப்பதாகும்.

சட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், செடியின் எந்தப் பாகம் என்பதை வைத்தே கஞ்சாவை வரையறுக்கிறது. பூக்கும் நுனியும் பிசினும் அதற்குள் அடங்கும். நுனியோடு சேராத இலையும் விதையும் அடங்கா. அதனால்தான் இலைச்சாறு விஜயா என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக விற்பனைக்கு வருகிறது. ஆயினும் மருந்து விதிகளில் உள்ள நச்சுப் பொருள் பட்டியலில் அவ்விலை இடம்பெற்றுள்ளது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளவேண்டும் என்பதே விதி. இங்கே சீட்டோடு வாங்கியதாயினும் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பயணப் பெட்டியில் எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே அது கடுமையான குற்றமாகலாம்.

எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. கஞ்சா என்ற சொல்லைக் கேட்டவுடன் மருத்துவர் முகம் சுளித்தால், அடுத்த முறை அக்குடும்பம் வாய் திறக்காது. மறைத்துக் கொடுக்கப்படும் மருந்தே எங்களுக்குப் பெரும் இடர். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் ஏன் கெட்டது, குழந்தை ஏன் இப்படித் தூங்குகிறது என்று காரணம் தெரியாமல் தேட நேரும். எத்தனை மாத்திரை கொடுத்தும் வலிப்பு அடங்காத பிள்ளையை வைத்திருக்கும் தாய் எதையும் முயன்று பார்க்கத் துணிவார். அத்துணிவைக் குற்றமாகப் பார்க்க எங்களுக்கு உரிமையில்லை.

ஆகவே வீட்டில் அத்தகைய புட்டி இருந்தால், அடுத்த முறை வரும்போது மற்ற மருந்துகளோடு அதையும் கொண்டுவாருங்கள். எத்தனை நாளாக, எத்தனை சொட்டு என்பதைச் சொல்லுங்கள். அதுவரை மற்ற மாத்திரைகளில் ஒன்றையும் நிறுத்தாதீர்கள். அளவுக்கு மீறிய தூக்கமோ, கண்ணில் மஞ்சள் நிறமோ, அடங்காத வலிப்போ தோன்றினால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். இன்னும் வாங்கவில்லை எனில், வாங்குமுன் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் நோய் சி.பி.டி.யால் பயன் பெறக்கூடிய வகையா என்பதைப் பார்த்துச் சொல்வோம். பயன் பெறக்கூடியதாயின், தரம் தெரிந்த மருந்தாக, எடைக்கேற்ற அளவில், கல்லீரல் சோதனையோடு தொடங்குவது பற்றிப் பேசுவோம். இக்கேள்வியை எழுந்திருக்கும் வேளைக்கு ஒதுக்காமல், அமர்ந்தவுடனேயே கேட்டுவிடுங்கள்.