விரல் தட்டினால் ஓட்டு விழுமா?

மாசி வீதி டீக்கடையாக இருந்தாலும் சரி, மேலூர் பஸ் நிலையமாக இருந்தாலும் சரி. தேர்தல் வந்துவிட்டால் எல்லோர் கையிலும் செல்போன்தான்!

"எங்கள் தலைவர் பேச்சுக்குப் பத்து லட்சம் லைக் விழுந்திருக்கிறது. இனி ஜெயிப்பது நிச்சயம்!" என்கிறார் ஒருவர்.

"எங்கள் ஆளுக்கு இருபது லட்சம்!" என்கிறார் இன்னொருவர்.

லைக் எல்லாம் ஓட்டு ஆகுமா?

தானாக ஆகவே ஆகாது. அதை ஓட்டாக மாற்றுவதற்கு ஊருக்கு ஊர் ஆள் வேண்டும், உழைப்பு வேண்டும். இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரையே சாட்சி!

ஒத்தக்கடைக் கூட்டம்

2018-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி, மதுரை ஒத்தக்கடையில் நடிகர் கமல்ஹாசன் "மக்கள் நீதி மய்யம்" கட்சியைத் தொடங்கினார். அப்போது டெல்லி முதல்-மந்திரியாக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால் மேடையில் இருந்தார். பெரும் கூட்டம் கூடியது.

அதற்கு முன்பிருந்தே கமல்ஹாசன் டுவிட்டரில் எழுதும் வரிகள் நாடெங்கும் பேச்சாக இருந்தன. பல லட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள்.

2019-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அந்தக் கட்சிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஓட்டு சுமார் 3.7 சதவீதம். நூறு பேரில் நான்கு பேர்கூட இல்லை! ஒரு தொகுதியிலும் ஜெயிக்கவில்லை.

ஓட்டு விழுந்த இடத்தைப் பார்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். நகரம் அடங்கிய கோவை தொகுதியில் 1 லட்சத்து 40 ஆயிரம் ஓட்டுக்கு மேல் விழுந்தது. கிராமங்கள் நிறைந்த தொகுதிகளில் ஓட்டு குறைந்து போயிற்று. செல்போன் பேச்சு தார் ரோட்டில் ஓடியது. வயல் வரப்பில் இறங்கவில்லை.

2021-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில் கமல்ஹாசன் கோவை தெற்கு தொகுதியில் தாமே நின்றார். பாரதீய ஜனதா வேட்பாளர் வானதி சீனிவாசனிடம் 1,728 ஓட்டில் தோற்றார்.

ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று வைத்துக்கொண்டால், 1,728 என்பது இரண்டு சாவடிக்கணக்குகூட இல்லை. பல லட்சம் பேரின் ஆரவாரம் அந்தச் சின்னப் பள்ளத்தை நிரப்பவில்லை!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

தமிழ்நாட்டில் சட்டசபைத் தொகுதிகள் 234. ஒரு தலைவருக்கு 10 லட்சம் லைக் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பேரும் வாக்காளர்கள். அத்தனை பேரும் சாவடிக்குப் போகிறார்கள். எல்லாத் தொகுதியிலும் சமமாக இருக்கிறார்கள் என்றே கொள்வோம். ஒரு தொகுதிக்கு எவ்வளவு வரும்?

சுமார் 4,270 ஓட்டு!

லட்சக்கணக்கான வாக்காளர்கள் உள்ள தொகுதியில் இது எந்த மூலைக்கு?

அந்தப் பத்து லட்சத்திலும் கழிவு உண்டு. சிங்கப்பூரில் இருப்பவர் லைக் போடுவார்; துபாயில் இருப்பவர் போடுவார். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை போடும். ஒரே ஆள் நான்கு பெயரில் போடுவார். காசு கொடுத்து வாங்கிய லைக்கும் உண்டு.

உள்ளூரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பத்து சட்டசபைத் தொகுதிகள். அவற்றில் ஆறுதான் மதுரை பாராளுமன்றத் தொகுதியில் சேர்ந்தவை. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகர் தொகுதியில் சேரும். சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனி தொகுதியில் சேரும்.

திருமங்கலத்து வாலிபர் மதுரை வேட்பாளருக்கு இரவு பகலாக லைக் போடலாம். ஓட்டு போட முடியாது!

தேரும் வடமும்

2019-ம் ஆண்டு மதுரையில் ஓட்டுப்பதிவு நாளும் சித்திரைத் தேரோட்டமும் ஒன்றாக வந்தன. ஏப்ரல் 18-ந் தேதி. அதனால் மதுரை தொகுதியில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப்பதிவு நடந்தது.

தேரைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கணக்கு இல்லை. ஆனால் பார்க்கிறவர்களால் தேர் நகருமா? வடம் பிடிக்கிறவர்களால்தான் நகரும்.

தேர்தலிலும் வடம் பிடிக்க ஆள் வேண்டும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர், "அண்ணே, இன்னும் ஓட்டு போடலையா?" என்று கேட்கிறவர்; காலை முதல் மாலை வரை சாவடிக்குள் ஏஜெண்டாக உட்கார்ந்திருப்பவர். இவர்கள்தான் வடம் பிடிப்பவர்கள்.

எம்.ஜி.ஆருக்கு இந்த ஆட்கள் இருந்தார்கள். 1972-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தல். திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. கட்சி பிறந்து ஏழே மாதம். ஆனாலும் மாயத்தேவர் "இரட்டை இலை" சின்னத்தில் நின்று ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போயிற்று!

கட்சி புதிது. ஆனால் ரசிகர் மன்றங்கள் பழையவை. ஊர் ஊராக இருந்த மன்றத்துக்காரர்கள் ஒரே நாளில் கட்சிக்காரர்கள் ஆனார்கள்.

மதுரையில் வளர்ந்த விஜயகாந்துக்கும் மன்றங்கள் இருந்தன. 2005-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். மறு ஆண்டே தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். ஆனால் ஓட்டு எல்லா ஊரிலும் சிதறி விழுந்தது. விருத்தாசலத்தில் அவர் ஒருவர்தான் ஜெயித்தார். 2011-ல் அண்ணா தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்தபோது 29 இடம் கிடைத்தது. 2016-ல் அந்தக் கூட்டணி இல்லை. ஒரு இடமும் இல்லை!

உலகம் சொல்லும் பாடம்

அமெரிக்காவில் ஹோவர்டு டீன் என்பவர் ஜனாதிபதி பதவிக்கு நிற்க முயன்றார். இன்டர்நெட் மூலம் ஆதரவும் பணமும் குவிந்தன. 2004-ம் ஆண்டு ஜனவரியில், அவருடைய கட்சிக்குள் முதல் போட்டி அயோவா மாநிலத்தில் நடந்தது. அவருக்குக் கிடைத்தது மூன்றாவது இடம்.

மணிப்பூரின் இரோம் ஷர்மிளா பதினாறு ஆண்டு உண்ணாவிரதம் இருந்தவர். உலகமே அவரைப் புகழ்ந்தது. 2017-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில் தவுபல் தொகுதியில் நின்றார். கிடைத்த ஓட்டு 90!

அப்படியானால் செல்போன் வீண்தானா?

வீண் இல்லை. 2017-ம் ஆண்டு ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மதுரை தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் இளைஞர்கள் திரண்டார்களே, அவர்களைத் திரட்டியதில் செல்போனுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மாதமே சட்டமும் வந்தது.

ஆனால் அங்கே கோரிக்கை ஒன்று. எந்த ஊர்க்காரரும் வந்து உட்காரலாம். தேர்தல் அப்படி அல்ல. அவரவர் ஊரில், அவரவர் சாவடியில், தனியாக நின்று பொத்தானை அழுத்த வேண்டும். கூலி, குடிநீர், ரேஷன், பிள்ளையின் படிப்பு எல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரும். அதை லைக் தீர்மானிக்காது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

தலைவர் மீது ஆசை இருப்பது தப்பு இல்லை. அந்த ஆசையைச் செல்போனோடு நிறுத்துவதுதான் தப்பு. தேர்தல் முடிந்த பிறகு "இத்தனை லைக் விழுந்ததே, ஓட்டு எங்கே போயிற்று?" என்று மனம் உடைவதில் பயன் இல்லை.

முதலில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் கேட்கலாம். பெயர் இல்லாவிட்டால் படிவம் 6 எழுதிக் கொடுங்கள். பிறகு உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். ஓட்டுப்பதிவு அன்று நடக்க முடியாத அப்பத்தாவை அழைத்துப் போங்கள். அவர் யாருக்குப் போடுகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் களை எடுக்கும் அம்மாவிடம் செல்போன் இல்லாமல் இருக்கலாம். லட்சம் பேர் பின்தொடரும் நட்சத்திரத்துக்கும் ஒரு ஓட்டு. அந்த அம்மாவுக்கும் ஒரு ஓட்டு. அவர் வீட்டு வாசலுக்குப் போகாதவர் கோட்டைக்குப் போக ஆசைப்படலாமா?

விரல் செல்போனில் பட்டால் லைக். விரலில் மை பட்டால்தான் ஓட்டு!