ஆடாத வீரருக்கு நான்கு கழகங்கள்

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஷே வெபர் என்ற பின்கள வீரர் கடைசியாக விளையாடியது 2021 ஜூலை 7ஆம் திகதி. அதன் பின்னர் அவர் பனித்தரையில் ஒரு நிமிடமேனும் ஆடவில்லை. ஆனால் அவரது ஒப்பந்தம் லாஸ் வேகாஸ், அரிசோனா, யூட்டா, சிக்காகோ என நான்கு கழகங்களின் ஏட்டில் இடம்பெற்றது. 2024 நவம்பரில் ரொறன்ரோவிலுள்ள ஹொக்கி புகழ் மண்டபத்தில் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்ட வேளையிலும், ஏட்டளவில் அவர் யூட்டா கழகத்தின் வீரரே. ஆடி முடித்தவருக்குரிய மாலையும் ஆடிக்கொண்டிருப்பவருக்குரிய ஒப்பந்தமும் ஒரே கழுத்தில் விழுந்தன.

இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகவே பத்திரிகைகள் பல வெளியிட்டன. என்னால் அப்படிச் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை.

ஐஸ் ஹொக்கியை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். ஒரு கழகம் 23 வீரர்கள் வரை தனது பட்டியலில் வைத்திருக்கலாம். ஓர் ஆட்டத்திற்கு 20 பேர் உடையணிவர். அவர்களில் பொதுவாக அறுவர் பின்கள வீரர்கள். இவர்கள் மூன்று இணைகளாகப் பிரிந்து, ஏறத்தாழ முக்கால் நிமிடத்திற்கு ஓர் இணை என மாறி மாறிக் களமிறங்குவர். ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்தங்கி நிற்க வேண்டும். ஒருவர் தவறவிட்ட வட்டை மற்றவர் மறிக்க வேண்டும். நல்ல இணை உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். நாட்டியக் கச்சேரியில் நட்டுவனாருக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையிலுள்ள உடன்பாடு போன்றது அது. விலை பேசி ஒரே நாளில் வாங்கிவிட இயலாது.

நாஷ்வில் கழகத்தில் அத்தகைய இணையொன்று இருந்தது. வலக்கை ஆட்டக்காரர் வெபர். இடக்கை ஆட்டக்காரர் ரயன் சூட்டர். 2012 ஜூலை 4ஆம் திகதி சூட்டர் 13 ஆண்டுகளுக்கு 98 மில்லியன் டொலர் என்ற ஒப்பந்தத்துடன் மினசோட்டாவுக்குப் போய்விட்டார். இரண்டே வாரங்களில் பிலடெல்பியா கழகம் வெபருக்கு வலைவீசியது: 14 ஆண்டுகள், 110 மில்லியன் டொலர். அதே நிபந்தனைகளை ஏற்று அவரை வைத்துக்கொள்வதா, நான்கு முதற்சுற்றுத் தெரிவு உரிமைகளைப் பெற்றுக்கொண்டு விட்டுவிடுவதா என்று தீர்மானிக்க நாஷ்வில்லுக்குக் கிடைத்தது ஒரு வார அவகாசம். இணையில் ஒருவரைப் பறிகொடுத்த கழகம் மற்றவரையும் பறிகொடுக்க அஞ்சிக் கையொப்பமிட்டது.

அந்த ஒப்பந்தத்தின் கணக்கைப் பாருங்கள். முதல் நான்கு ஆண்டுகளுக்குத் தலா 14 மில்லியன், அடுத்த இரண்டுக்குத் தலா 12, பின்னர் நான்கு ஆண்டுகள் தலா 6, ஓராண்டு 3, கடைசி மூன்று ஆண்டுகள் தலா 1 மில்லியன். ஆனால் லீக்கின் சம்பள உச்சவரம்பில் கணக்கிடப்படுவது சராசரி. அதாவது ஆண்டுக்கு 7.86 மில்லியன். நாற்பது வயதை எட்டும் வரை ஒருவர் இந்த முரட்டு விளையாட்டில் நிலைப்பார் என்று எவரும் நம்பி எழுதிய கணக்கல்ல இது. சராசரியைத் தாழ்த்துவதற்காகவே வால் நீட்டப்பட்டது. வேடிக்கை என்னவெனில், இப்படிக் கையொப்பமிட்டுத் தள்ளிய கழக முதலாளிகளே அதே ஆண்டு செப்டெம்பரில் வீரர்களைக் கதவடைப்புச் செய்தனர். 2013 ஜனவரியில் பிறந்த புதிய உடன்படிக்கை, ஒப்பந்தங்களை எட்டு ஆண்டுகளுக்குள் கட்டுப்படுத்தியது. தமது பேனாவிடமிருந்து தம்மைக் காப்பாற்றும்படி அவர்கள் கேட்டதாகவே நான் அதை விளங்கிக்கொண்டேன். பழைய ஒப்பந்தங்களுக்கும் ஒரு தண்டம் வைக்கப்பட்டது: வெபர் முறைப்படி ஓய்வை அறிவித்தால் நாஷ்வில்லின் உச்சவரம்புக் கணக்கில் அது ஏறும். எனவே அவர் ஓய்வு அறிவிக்காமல் இருப்பதே எல்லோருக்கும் வசதியாயிற்று.

2016 ஜூனில் நாஷ்வில் அவரை மொன்றியலுக்குக் கொடுத்து பி.கே. சுபானை வாங்கியது. 2021இல் வெபரின் தலைமையில் மொன்றியல் இறுதிச் சுற்று வரை வந்தது. கணுக்கால், பாதம், முழங்கால், கட்டைவிரல் எல்லாம் பழுதடைந்த நிலையில் அவர் ஆடினார். எதிரே நின்ற தம்பா பே கழகத்தில் நிகிதா குச்செரோவ், சத்திரசிகிச்சைக்குப் பின் 56 ஆட்டங்கள் கொண்ட வழமையான பருவம் முழுவதையும் தவறவிட்டு, பருவம் முடிந்த கையோடு திரும்பியிருந்தார். நீண்டகாலக் காயத்திலிருப்பவரின் சம்பள அளவுக்கு உச்சவரம்பை மீறலாம் என்பது அன்றைய விதி. பருவத்திற்குப் பிந்திய கிண்ணப் போட்டிகளில் அப்போது உச்சவரம்பே இல்லை. 81.5 மில்லியன் வரம்பை ஏறத்தாழ 18 மில்லியனால் தாண்டிய அணியொன்று கிண்ணத்தை வென்றது. அந்தத் தொகை அச்சிடப்பட்ட சட்டையைக் குச்செரோவ் வெற்றி விழாவில் அணிந்துகொண்டார். சட்டத்துக்கு உட்பட்டதுதான், மறுக்கவில்லை.

வெபரின் தாள் பயணம் அதன் பிறகே தொடங்குகிறது. 2022 ஜூனில் வேகாஸ் அவரை வாங்கியது, காயமடைந்தவரின் பெயரால் செலவிட இடம் கிடைக்கும் என்பதற்காக. 2023 பெப்ரவரியில் அரிசோனா வாங்கியதன் காரணம் நேர் எதிரானது: லீக் விதித்த ஆகக் குறைந்த செலவு வரம்பை எட்ட அதற்குப் பெருந்தொகையொன்று தேவைப்பட்டது. கையில் கொடுப்பது ஒரு மில்லியன், கணக்கில் விழுவது 7.86 மில்லியன் என்றால் எந்தக் கணக்காளருக்குத்தான் கசக்கும்? அரிசோனாவின் அணி 2024இல் யூட்டாவுக்குப் பெயர்ந்தபோது தாளும் கூடவே போயிற்று; 2025 மார்ச்சில் சிக்காகோவை அடைந்தது.

2025இல் எட்டப்பட்ட புதிய உடன்படிக்கை கிண்ணப் போட்டிகளுக்கும் உச்சவரம்பைக் கொண்டுவந்தது. 2025-26 பருவத்திலேயே அது நடைமுறைக்கு வந்தது. குச்செரோவ் நுழைந்த கதவு அடைபட்டது, நன்று. வெபரின் கதவு திறந்தே கிடக்கிறது. இனி ஆடவே மாட்டாதவரின் தொகைக்குச் சலுகை தொடர்கிறது.

என் நிலைப்பாடு இதுதான். ஒரு வீரரால் இனி ஆட இயலாது என்று கழகங்களைச் சாராத வைத்தியர்கள் உறுதிப்படுத்தினால், பேசிய சம்பளத்தைக் கடைசிச் சதம் வரை அவருக்குக் கொடுக்க வேண்டும். அவரது தொகையை மேல்வரம்பு, கீழ்வரம்பு இரண்டிலிருந்தும் அன்றே நீக்கி, ஒப்பந்தத்தைக் கைமாற்றுவதைத் தடைசெய்ய வேண்டும். விலை கூடிப்போன வீரரைக் கழற்றிவிடக் கழகங்கள் நோயைச் சோடிக்கும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவ்வாறு நீக்கப்பட்டவர் அந்த ஒப்பந்தக் காலத்தில் எந்தக் கழகத்திற்காகவும் ஆடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆடக்கூடிய எந்த வீரரும் அதற்கு உடன்படமாட்டார்.