தேவன் நாயரை எங்கே வைத்து நினைப்பது?



சி.வி. தேவன் நாயர் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவன இரண்டு: அவர் சிங்கப்பூரின் மூன்றாவது அதிபர் என்பதும், 1985 மார்ச்சில் சர்ச்சைக்கிடையே பதவி விலகினார் என்பதும். மூன்றரை ஆண்டுப் பதவியைக் கொண்டு ஒருவரின் முப்பதாண்டுப் பொதுவாழ்வை அளப்பது முறையன்று. அவரை நாம் நினைக்க வேண்டிய இடம் தொழிற்சங்கமே என்பது என் கருத்து.

1923இல் மலாக்காவில் பிறந்தவர்; நம்மைப் போல் ஆசிரியப் பணி செய்தவர். 1949இல் சிங்கப்பூர் ஆசிரியர் சங்கச் செயலாளரானார். 1951இலும் 1956இலும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். 1959இல் விடுதலையானவரை, மறு ஆண்டே சிறைச்சாலை விசாரணை ஆணையத்தின் தலைவராக்கினார்கள். சிறைவாசத்தை அறிந்தவரிடம் சிறையைச் சீர்திருத்தச் சொன்னது நல்ல தெரிவுதான். ஆனால், உழைப்பின்வழிக் கைதிகளைத் திருத்தலாம் என்ற அவ்வாணையத்தின் எண்ணத்தில் உருவான புலாவ் செனாங் தீவுக் குடியிருப்பு, 1963 ஜூலைக் கலவரத்தில் அழிந்தது. கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் கொல்லப்பட்டார். நல்லெண்ணம் மட்டும் நிர்வாகமாகிவிடாது.

நம் நாட்டுக்கும் அவர் உரியவர். 1964 பொதுத்தேர்தலில் மலாயாவில் மக்கள் செயல் கட்சி வென்ற ஒரே தொகுதி பங்சார், வென்றவர் அவர். சிங்கப்பூர் பிரிந்த பின்னும் இங்கேயே தங்கி, ஜனநாயக செயல் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவராக விளங்கினார்.

1969இல் சிங்கப்பூர் திரும்பியபோது அங்குத் தொழிற்சங்க இயக்கம் தளர்ந்து கிடந்தது. 1968இன் சட்டங்கள் சங்கங்களின் பேரம்பேசும் உரிமையைச் சுருக்கியிருந்தன. அவ்வாண்டு நவம்பரில் நடந்த கருத்தரங்கில் தொழிற்சங்கக் காங்கிரஸ் புதுவழி தேடியது. விளைவு, 1970இல் இன்கம் காப்புறுதிக் கூட்டுறவும், வாடகைக்கார் ஓட்டுநர்களுக்கான கம்ஃபர்ட் கூட்டுறவும் பிறந்தன. விலைவாசி ஏறிய 1973இல் தோ பாயோவில் வெல்கம் பேரங்காடி திறக்கப்பட்டது; இன்றைய ஃபேர்பிரைஸுக்கு அதுவே மூலம். தொழிலாளி சம்பளம் கேட்பவன் மட்டுமல்லன், கடைக்கும் காப்புறுதிக்கும் உரிமையாளன் என்ற நிலை அங்கே உருவாயிற்று. நம் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் இதே எண்ணத்தின் வேறொரு கிளை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பால்மரத் தொழிலாளியை நிலத்துக்குப் பங்குதாரனாக்கியது அது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. அரசோடும் முதலாளிகளோடும் கைகோத்த இயக்கத்திடம் வேலைநிறுத்தம் என்னும் படைக்கலம் மழுங்கிப்போனது. அவரைக் குறைகூறுவோர் இதைச் சொல்லும்போது என்னால் முழுதாக மறுக்க இயலவில்லை. ஆயினும், பொருள் விலை ஏறும்போது அரிசியை மலிவாய் வாங்க ஒரு கடை இருப்பதும் தொழிலாளி உரிமைதானே?

அவர் 2005இல் கனடாவில் மறைந்தார். 2022இல் இன்கம் கூட்டுறவு நிலையிலிருந்து நிறுவனமாக மாறியது. 2024இல் ஜெர்மனியின் அலியான்ஸ் அதன் பெரும்பங்கை வாங்க முன்வந்தபோது சிங்கப்பூரில் பொதுமக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அக்டோபரில் அரசு அதைத் தடுத்தது. டிசம்பரில் அலியான்ஸ் விலகிக்கொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் பணத்தில் எழுந்த ஒன்றை விற்கலாமா என்று ஒரு நாடே வாதிட்டது. அந்த வாதத்தை நம் மேல்நிலை மாணவர்களிடம் விவாதத் தலைப்பாகக் கொடுத்துப் பாருங்கள். தேவன் நாயர் யார் என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள்.