ஒரு லாரி வைத்திருப்பவருக்கும் நேர்வழி வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்து எஞ்சின் வேலை பார்ப்பவன் நான். பழைய லாரிகளுக்கு இழுவை கூட்டும் வேலை இன்று திருட்டுத்தனமாக நடக்கிறது. அதை உங்கள் மேற்பார்வையில் செய்ய வழி திறந்துவிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பத்துச் சக்கர டாடா 2515 வண்டியை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே கணக்கு இருக்கிறது: மொத்த எடை 25 டன், எஞ்சின் 150 குதிரைத்திறன். டன்னுக்கு ஆறு குதிரைத்திறன்தான். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தி, மூன்று அச்சு லாரிக்கு 28.5 டன் வரை இடம் கொடுத்தது. அதன்பின் வந்த வண்டிகள் அதற்கேற்ற எஞ்சினோடு வருகின்றன. புது வண்டிக்குத் தவணை கட்ட முடியாதவர் பழைய வண்டியோடு அதே லோடுக்குப் போட்டி போடுகிறார். சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் அவர் வண்டி செகண்ட் கியரில் திணற, பின்னால் வருபவர்கள் பொறுமையிழந்து ஒதுங்கி ஏறுகிறார்கள். அவருக்கு இழுவை வேண்டும் என்பது நியாயமான தேவை.

நேர்வழி தெரியாதபோது அவர் செய்வது பம்ப் ஏற்றுவது. டீசல் பம்பைத் திருகி அதிக டீசல் விடுவார்கள். காற்று அதே அளவுதான் போகிறது. எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறும். சூடு ஏறி ஹெட் கேஸ்கட் போகும், பிஸ்டன் தலை உருகும். புகைச் சான்றுக்குப் போகும் நாளில் பம்பைக் குறைத்து, சான்று கைக்கு வந்ததும் மறுபடி கூட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் விபத்து வண்டியிலிருந்து இறக்கிய பெரிய எஞ்சினை ஏற்றிவிட்டு ஆர்.சி. புத்தகத்தைத் தொடாமலே ஓட்டுகிறார்கள். எஞ்சின் எண் பொருந்தாத வண்டி சாலையில் பிடிபட்டால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேள்விக்குள்ளாகும். அப்போது நட்டம் எதிரே வந்தவர் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

ஒழுங்காகச் செய்தால் எஞ்சினை மட்டும் மாற்றி முடிக்க முடியாது. கூடுதல் இழுவையைத் தாங்க கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ், ஜாயின்ட், கிரவுன் பினியன் எல்லாம் அந்த எஞ்சினுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். இறங்கும்போது கூடும் வேகத்தை அதுதான் அடக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் அதே தொப்பூர் கணவாயில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது உங்கள் துறைக்குத் தெரியும். எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாத வண்டிக்குக் கூடுதல் திறன் கொடுக்கவே கூடாது என்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மீறிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த 52ஆம் பிரிவிலேயே, பத்து லாரிக்குக் குறையாமல் வைத்திருப்பவர் அதே வகை எஞ்சினை முன் அனுமதியின்றி மாற்றிக்கொண்டு, 14 நாளுக்குள் தெரிவிக்க வகை செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது. ஒற்றை வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. எஞ்சின் சீஸ் ஆனால் பத்து லாரிக்காரருக்கு மற்ற ஒன்பது ஓடும். இவருக்கு அடுப்பே எரியாது.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: அதே வகை எஞ்சினை மாற்ற ஒற்றை வண்டிக்காரர் விண்ணப்பித்தால், வாங்கிய பில்லையும் எஞ்சின் எண்ணையும் சரிபார்த்து ஏழு வேலை நாளுக்குள் முடிவு சொல்லுமாறு எல்லா வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கும் உத்தரவிடுங்கள்.

இரண்டு: குறிப்பிட்ட நோக்கத்துக்காக மாற்றத்துக்கு விலக்களிக்கும் அதிகாரம் 52ஆம் பிரிவின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. ஒரே சேஸ் வரிசையில் தயாரிப்பாளரே விற்ற கூடுதல் திறன் எஞ்சினை, அதற்குரிய கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக் ஆகியவற்றோடு சேர்த்துப் பொருத்த விலக்குக் கேட்டு எழுதுங்கள். எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று சோதித்துச் சொல்ல ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

மூன்று: அப்படி மாற்றிய வண்டியின் மொத்த எடை வரம்பு ஆர்.சி.யில் ஒரு கிலோகூட உயரக் கூடாது. புகையையும் பிரேக்கையும் மாற்றிய உடனே சோதிக்க வேண்டும். பொருத்திய பட்டறையின் பெயரும் பதிவாக வேண்டும். தவறு செய்தால் எங்களையும் தண்டியுங்கள்.

தடை இருந்தும் மாற்றம் நின்றபாடில்லை. யார், எதை, எப்படிப் பொருத்தினார்கள் என்பது மட்டும் உங்கள் கணக்கில் வராமல் போகிறது. கணக்கில் வரும் வண்டியைத்தான் நீங்கள் சோதிக்க முடியும். சோதித்து விட்ட வண்டிதான் கணவாயில் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு. வழியைத் திறந்து, நிபந்தனைகளைக் கடுமையாக்குங்கள். முறையாக வேலை செய்ய எங்கள் பட்டறைகள் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
சங்ககிரி லாரி மெக்கானிக் ஒருவர்