அழையாத விருந்தாளி

நமது பாளையங்கோட்டைக் கல்யாணங்களில் சில சமயம் ஒரு பெரியவர் பந்தியில் வந்து அமர்வதுண்டு. பெண் வீட்டார் அவரைப் பிள்ளை வீட்டு மனிதர் என்று எண்ணுவர். பிள்ளை வீட்டாரோ பெண்ணுக்கு மாமா என்று முடிவு கட்டுவர். இரு சாராரும் உபசரிப்பார்களே யொழிய, அவர் யார் என்று விசாரிப்பவர் ஒருவரும் இரார். விஞ்ஞான உலகிலும் இத்தகைய விருந்தாளிகள் உண்டு.

சிராய்ப்பின்மீது ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றினால் நுரை பொங்குவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். நம் உடம்பிலுள்ள காட்டலேஸ் என்னும் என்ஸைம் அத்திரவத்தைத் தண்ணீராகவும் பிராண வாயுவாகவும் பிரிப்பதால் உண்டாகும் நுரை அது. வகுப்பில் நாம் உருளைக்கிழங்குத் துண்டைக் கொண்டே இதைக் காட்டிவிடுவது வழக்கம். மாட்டு ஈரலிலிருந்து எடுத்த காட்டலேஸை 1937-ல் ஸம்னர், டௌன்ஸ் என்ற இருவர் ஸ்படிகமாக்கினார்கள். ஸ்படிகத்தில் எக்ஸ்-ரே கிரணங்களைச் செலுத்தி, அவை சிதறும் விதத்தைக் கணக்கிட்டால், எந்த அணு எங்கே இருக்கிறது என்று படம் வரையலாம். அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையில் ராஸ்மன் குழுவினர் அவ்வாறு கண்ட அமைப்பை 1981-ல் வெளியிட்டபோது, முதற்பெயராக நின்றது நம் நாட்டவரான எம். ஆர். என். மூர்த்தியின் பெயர். பின்னாளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராக விளங்கியவர் அவர்.

இரும்புள்ள ஹீம் என்ற பொருளைத் தவிரக் காட்டலேஸுக்கு வேறு துணை வேண்டியதில்லை என்பதே வழக்கமான எண்ணம். 1984-ல் கர்க்மன், கெய்ட்டானி என்னும் இருவர் அவ்வெண்ணத்தை மாற்றினார்கள். நியாசின் என்ற வைட்டமினிலிருந்து உடம்பு ஆக்கிக்கொள்ளும் என்.ஏ.டி.பி.எச். என்னும் பொருளின் நான்கு மூலக்கூறுகள் காட்டலேஸை இறுகப் பற்றியிருப்பதை ரஸாயன முறையில் கண்டார்கள். மறு வருஷமே ஃபீட்டாவும் ராஸ்மனும் ஈரல் ஸ்படிகத்தின் படத்தில் அது அமர்ந்திருக்கும் இடத்தைக் காட்டிவிட்டார்கள். யாரும் வெளியிலிருந்து சேர்த்ததன்று. ஈரலிலிருந்தே கூட வந்தது! நுரை பொங்க அது தேவையில்லை. ஆனால் பெராக்ஸைடினாலேயே என்ஸைம் செயலிழந்து போகாமல் காப்பது அதுவே என்று பின்னர் விளங்கியது. அழையாத விருந்தாளி என்று தோன்றியவர் உண்மையில் வீட்டுக் காவலர்.

எல்லா விருந்தாளிகளும் இத்தகையவர் அல்லர். ஸ்படிகம் வளர்த்த நீரிலுள்ள கிளிஸரினோ உப்போகூட என்ஸைமின் குழிவில் புகுந்துகொள்ளும். படத்தில் மங்கலாகத் தெரியும் அத்திட்டுக்குத் தாம் தேடிய மருந்தின் பெயரையே சூட்டிவிடும் ஆசை கற்றவரையும் விடுவதில்லை. அதை நம்பிப் புது மருந்து செய்யப் புகுவோரின் உழைப்பெல்லாம் வீணாகக் கூடும்.

சென்ற வாரம் நம் மாணவன் ஒருவன் சோதனையில் தனக்குக் கிடைத்த எண்ணை அழித்துவிட்டு, புத்தகத்திலுள்ள எண்ணை எழுதியிருந்தான். நாம் கோபிக்கவில்லை, அந்த வயதில் நாமும் செய்த காரியந்தான். அழித்த எண்ணையே மறுபடி எழுதச் சொல்லி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொன்னோம். எதிர்பாராமல் வந்தவரைத் துரத்துவதும் பிழை. விசாரியாமல் உறவு கொண்டாடுவதும் பிழை. "ஐயா, தாங்கள் யார்?" என்று மரியாதையாகக் கேட்பதே விஞ்ஞானம்.