கொழுந்துக் காட்டு மலாயும் தேர்வுத்தாள் மலாயும்

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ரத்தானது, புகுமுக வகுப்பு ரத்தாகவில்லை. ஆறாம் ஆண்டு முடித்து வரும் தமிழ், சீனப் பள்ளி மாணவருக்கு மலாய்மொழி போதவில்லை என்றால், முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு அங்கே உட்கார வேண்டும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பெற்றோரின் கவலை இதுதான்.

தோட்டத்தில் மலாய் இல்லாமல் இல்லை. நேப்பாளம், வங்காளதேசத் தொழிலாளர்களும் நம்மவர்களும் கொழுந்துக் காட்டில் பேசிக்கொள்வது பெரும்பாலும் மலாயில்தான். வந்தவர்கள் புத்தகம் வைத்துப் படிக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் பேசிப் பேசியே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அது பாசார் மலாய். 'என்னுடைய வீடு' அதில் 'சாயா புன்யா ரூமா'. தமிழின் அதே வரிசை என்பதால் பிள்ளைகள் வாயில் சட்டென ஒட்டிக்கொள்ளும். தேர்வில் எழுத வேண்டியதோ 'ரூமா சாயா'.

1934இல் மறைந்த ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கியின் கருத்து இங்கே பொருந்தும்: இன்று தெரிந்தவர் துணையோடு செய்வதை நாளை பிள்ளை தனியாகவே செய்யும். பயிற்சிப் புத்தகம் எத்தனை வாங்கினாலும் அது திரும்பப் பேசாது. வீட்டில் தமிழைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனையும் உதவாது. மலாய் சரியாகப் பேசத் தெரியாதவர் வீட்டில் தமிழும் போனால் பேச்சே குறைந்துவிடும்.

ரிங்லெட், தானா ராத்தா பக்கம் இடைநிலைப் பள்ளிக்குப் போய்வரும் அண்ணன், அக்காமார் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். மாலையில் அரை மணி நேரம் அவர்கள் சின்னவர்களோடு மலாயில் பேசி, 'சாயா புன்யா' வரும்போது திருத்தினால் போதும். அதற்கு ஓர் இடத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்து தரலாம்.